ரயிலேறிப் போனபிறகும் வழக்குப் போடலாம்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் நெல்லை சந்திப்பைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. திருச்செந்தூர், நவதிருப்பதி, பாபநாசம் என்று கிளம்பி வருகிறவர்களும் இங்கேதான் பையை இறக்குகிறார்கள். வெளியூர்க்காரரிடம் கூடுதலாகக் கறக்கிற ஒரு சிலருக்கு மனசுக்குள் ஒரு கணக்கு உண்டு: ராத்திரி ரயிலேறிப் போகிற ஆள், இதற்காகத் திரும்பி வந்து வழக்கா நடத்தப் போகிறார்?

அந்தக் கணக்கு இனிச் செல்லாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நெல்லையில் ஏமாந்தவர் சேலத்தில் மனுப் போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது.

அதற்குக் கையில் பில் வேண்டும். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் அண்ணாச்சி, பரவாயில்லையா?” என்று கேட்டால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறோம். பில் தராததே முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கிற சிறு ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லில் ‘சேவைக் கட்டணம்’ என்று தனி வரி இருந்தால், எடுக்கச் சொல்லலாம். ஓட்டல்கள் அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

தண்ணீர் பாட்டிலில் மட்டும் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேருந்து நிலையப் பெட்டிக்கடைக்கு அந்தச் சலுகை இல்லை. ‘கூலிங் சார்ஜ்’ என்று ஒரு ரூபாய்கூடக் கூட்டக் கூடாது.

லாட்ஜில் ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கார் சாவியை ஓட்டல் ஊழியரிடம் ஒப்படைத்தபின் அலட்சியத்தால் வண்டி காணாமல்போனால், அப்படிப்பட்ட வாசகம் ஓட்டலைக் காப்பாற்றாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பு.

அல்வாவுக்கு வருவோம். நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் வரிசையில் நின்று வாங்குகிறவருக்குத் தான் எந்தக் கடையில் நிற்கிறோம் என்று தெரியும். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வழியில் பெட்டியை அள்ளுகிறவருக்குத்தான் சிக்கல். ‘திருநெல்வேலி அல்வா’ என்று பெரிய எழுத்தில் இருப்பதை விடுங்கள். கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். தயாரித்தவர் முகவரி, தயாரித்த தேதி, நிகர எடை, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். சில்லறையாக நிறுத்து விற்கிற இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைப்பது 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம். தராசையும் கவனியுங்கள். அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்தால், அட்டைக்கும் அல்வா விலை கொடுக்கிறீர்கள். இது எடைமோசடி, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் சொல்லலாம்.

அருவியை நம்பி அறை போடுகிறவர்கள், ரத்து நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வெள்ளத்தால் குளிக்கத் தடை விதித்தால் வாடகை தானாகத் திரும்பி வராது. அதற்காகத் தடை போட்டவர்களைத் திட்டுவது நியாயமில்லை: 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடியில் பாய்ந்த வெள்ளம் பாளையங்கோட்டைச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிக்கிறவருக்குத் தெரியாது.

ஏமாந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல சில்லறைத் தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட ஆணையம்: பில், பெட்டியின் படம், பணம் செலுத்திய குறுஞ்செய்தி ஆகியவற்றோடு இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.