வயதா, வியாதியா?

பாகாயத்து மருத்துவக் கல்லூரியை நம் ஜில்லாவாசிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் ஆரம்பித்த வைத்தியப் பணியின் வளர்ச்சி அது. ஆண் வைத்தியர் தொடலாகாது என்ற வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று பிரசவ ஸ்திரீகள் மாண்டதே அவரை வைத்தியத் துறைக்குத் திருப்பியது என்பது பிரசித்தம். லஜ்ஜை உயிரைக் குடிக்கும். மலக்குடற் புற்றுநோய் விஷயத்தில் அது இன்றும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆம்பூரிலோ பேர்ணாம்பட்டிலோ தோல் பதனிடும் சாலையில் உழைக்கும் முப்பது வயது வாலிபன் ஒருவனுக்கு மலத்துடன் இரத்தம் போகிறதென்று வைத்துக்கொள்வோம். (தோல் தொழிலால் இந்நோய் வருகிறதென்பது நம் வாதமன்று.) மூலச்சூடு என்று மாதக்கணக்கில் லேகியமும் களிம்புமாகக் கழிகின்றன. விரலால் சோதிக்க அவனும் கூசுகிறான், வைத்தியரும் வற்புறுத்துவதில்லை. எழுபது வயதுப் பெரியவருக்கோ நோய் இன்னதென்று தெரிந்த பின்பும், "இந்த வயதில் எதற்கு இந்த அவஸ்தை?" என்று வீட்டார் திருப்பி அழைத்துச் செல்கின்றனர். ஒருவனுக்கு வயது போதவில்லை. மற்றவருக்கு வயது மீறிவிட்டது! இரண்டு தீர்ப்பும் பிழையானவை.

முற்றிய மலக்குடற் புற்றுக்கு ரண சிகிச்சைக்கு முன்பே கிரண சிகிச்சையும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது இன்றைய முறை. 2004-ல் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சியில், பின்னால் கொடுத்தபோது ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 13 பேருக்கு அதே இடத்தில் மீண்ட நோய், முன்னால் கொடுத்தபோது 6 பேருக்கே மீண்டது. சிலருக்குக் கட்டி சுவடின்றி மறைவதும் உண்டு.

வாலிப தேகத்தில் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் கட்டி, நோயாளியின் ஜாதகத்தைப் பார்ப்பதில்லை. மேனாட்டைவிட நம் நாட்டில் இந்நோயாளிகளில் இளவயதினர் விகிதம் அதிகம். முத்திரை மோதிரம் போன்ற உருவுடைய உயிரணுக்களாலான கொடிய வகையும் இளையவர்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. அது கிரணத்துக்கு எளிதில் மசிவதன்று. தாமதமும் சேர்ந்துகொண்டால் வாலிபம் என்ன செய்யும்?

முதியோர் விஷயம் வேறு. வயதான காரணத்தாலேயே அவர்கள் கட்டி கிரணத்துக்கு அடங்காது என்பதற்கு ஆதாரமில்லை. மருந்தைத் தாங்கும் சக்தியில்தான் வேற்றுமை. பிந்திய ஜெர்மானிய ஆராய்ச்சி ஒன்றில், வழக்கமான மருந்துடன் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்த்ததால் அறுபதுக்குட்பட்டோர் பயனடைந்தனர். எழுபதைத் தாண்டியோருக்கு அந்தப் பயன் காணப்படவில்லை. ஆகவே, முதியவருக்கு மருந்தின் அளவையும் வகையையும் மாற்றலாம். சிகிச்சையையே மறுப்பது நியாயமன்று. இருதயம், சிறுநீரகம், நடமாட்டம் இவற்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதை, பிறந்த வருஷத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது சோம்பேறித்தனம்.

ஐந்தே நாட்களில் 25 கிரே கொடுத்து முடிக்கும் குறுகிய முறையும் உண்டு. ஸ்வீடனில் அதைப் பரீட்சித்து 1997-ல் வெளியிட்ட முடிவில், ரண சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு அதே இடத்தில் மீண்ட நோய், கிரணமும் பெற்றவர்களில் 11 பேருக்கே மீண்டது. எல்லோருக்கும் இது ஏற்றதென்று சொல்வதற்கில்லை. வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீண்ட முறைக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் தினந்தோறும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கூலியாளுக்கு ஐந்து வாரமென்பது அரிசி இல்லாத ஐந்து வாரம். பாதியில் நின்றுவிடுகிறவர்களை அசிரத்தை உள்ளவர்களென்று ஏசுவோர் இதை யோசிப்பதில்லை.

1948-ம் வருஷச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், புற்றுநோய் கண்ட தொழிலாளிக்கு, வேலைக்கால, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், கூலியில் நூற்றுக்கு 80 பங்கு வீதம் இரண்டாண்டு வரையில் கிடைக்க வழியுண்டு. பதிவேட்டில் பெயரேறியவனுக்கே அது கிடைக்கும். காண்டிராக்டரின் கீழ் உழைப்பவர்களில் எத்தனை பேர் பெயர் ஏறியிருக்கிறது, ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் செருப்புத் தைக்கும் ஸ்திரீகளில் ஒருவர் பெயராவது ஏறியிருக்கிறதா என்பதைத் தொழிற்சங்க அன்பர்கள் வீடு வீடாகக் கேட்டு வரட்டும்.