மிச்ச மருந்தை ஏன் வைக்கக்கூடாது?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் மின்கம்பத்திலும் சுவரிலும் ஒரு போஸ்டரைப் பார்க்கலாம். "ஃபயர் அண்ட் சேஃப்டி படியுங்கள், வெளிநாட்டில் வேலை." டிப்ளமோ முடித்துவிட்டு சும்மா இருக்கிற பையன்களுக்கு இது ஒரு வழி. கையில் காசு இருந்தால் நெபோஷ் என்கிற பிரிட்டிஷ் பரீட்சையும் எழுதி சவுதிக்கோ கத்தாருக்கோ சேஃப்டி ஆபீசராகப் போய்விடுகிறார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பஸ் ஸ்டாண்டிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் போனால் சிவகாசி. அங்கே அந்தப் படிப்பின் தேவை எவ்வளவு, அங்கே கிடைக்கிற பயிற்சி எப்படிப்பட்டது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பகுதிதான் இது.

முதலில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று பார்த்துவிடுவோம். பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் மூன்று விதம். ஊரில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்பார்கள். முதல் இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் துறை கொடுப்பது. அதன் தலைமையகம் நாக்பூரில். மூன்றாவது, சிறிய ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலர் கொடுப்பது. இது போக, தொழிற்சாலை என்ற முறையில் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் கண்காணிக்கிறது. போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சிவகாசியில் பயிற்சி வகுப்பு நடத்துவது இந்த இயக்ககம்தான்.

சாத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் போர்மேனாக இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். அப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்தவர். என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"மிச்ச மருந்த ராத்திரி வைக்காதேன்னாக. ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்கார வைக்காதேன்னாக. இரும்புச் சாமான் கொண்டாராதேன்னாக. எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான் தம்பி."

"மிச்ச மருந்த ஏன் வைக்கக்கூடாதாம்ண்ணே?"

"வெடிக்கும்ல?"

"அதான், ஏன் வெடிக்குது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சொல்லலயே" என்றார்.

இந்தப் பதில் என்னை விடவே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சொல் விளக்கம்: அந்தப் பக்கம் மருந்து என்றால் மாத்திரை இல்லை, கலந்த வெடிக்கலவை. ஒவ்வொரு விபத்துச் செய்தியிலும் வருகிற 'உராய்வு காரணமாக' என்பதும் கிட்டத்தட்ட அண்ணன் சொன்ன பதில் மாதிரிதான். உராய்வு நடந்திருக்கும், சரி. நேற்று பொறுத்துக்கொண்ட உராய்வை மருந்து இன்றைக்கு ஏன் பொறுக்கவில்லை?

படித்ததைச் சொல்கிறேன். மருந்தில் எரிகிற பொருள் ஒன்று, அது எரிய ஆக்சிஜன் கொடுக்கிற உப்பு ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் தருகிற ரகங்களில் எரிபொருள் பெரும்பாலும் அலுமினியப் பொடி, உப்பு நைட்ரேட். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கிறது. நம் வீட்டு அலுமினியச் சட்டி தண்ணீரில் கரையாமல் இருப்பது அந்தத் தோலால்தான். பொடியிலும் ஒவ்வொரு துணுக்குக்கும் அந்தத் தோல் உண்டு. கலவையில் ஈரம் ஏறினால் ஏதோ ஓரிடத்தில் தோல் விட்டுப்போகும். உள்ளே இருக்கும் அலுமினியம் ஈரத்தோடும் நைட்ரேட்டோடும் வினை புரியும். அப்போது வெப்பம் வருகிறது, அமோனியாவும் வருகிறது. சிக்கல் அந்த அமோனியாவில்தான். அது காரத்தன்மை உள்ளது. காரம் பட்டால் பக்கத்துத் துணுக்குகளின் தோலும் கரையும். அதனால் இன்னும் வினை, இன்னும் வெப்பம், இன்னும் அமோனியா. தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்கிற சங்கிலி இது.

குவியலாகக் கிடந்தால் வெப்பம் வெளியே போகவும் வழியில்லை. மதுரைப் பக்கம் விவசாயம் பார்த்தவர்களுக்கு இது புதுசே இல்லை. எருக்குழிக்குள் கையை விட்டால் உள்ளே சுடும். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறும். அங்கே வேலை செய்வது நுண்ணுயிர், இங்கே அலுமினியம். ஆனால் கணக்கு ஒன்றுதான்: குவியல் பெரிதாக ஆக உள்ளே பிறக்கிற சூட்டுக்கு வெளியேறுகிற பரப்பு போதாது.

சாயங்காலம் மழை தூறி காற்றில் ஈரம் இருந்த ஒரு நாள், ஆர்டர் அவசரத்தில் மிச்சமான மருந்தை மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்து திறக்கும்போது அது நேற்று வைத்துவிட்டுப் போன மருந்து இல்லை. ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட மருந்து. அள்ளுகிற உராய்வு மீதி வழியைத் தாண்ட வைக்கிறது. மருந்தில் போரிக் ஆசிட் சேர்ப்பதுகூட இதற்காகத்தான். லேசான அமிலம், காரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். 'கொஞ்சம் போடுவோம்ல' என்று அண்ணனும் சொன்னார். எதற்கென்று அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

காரணம் தெரிந்தால் ஒரு லாபம் இருக்கிறது. விதியில் இல்லாத ஒரு தகவல் கையில் கிடைக்கிறது: இந்த வினை மூக்குக்குத் தெரியும். அமோனியா நெடி, அதாவது சுத்தம் செய்யாத மூத்திரப்புரையின் நெடி. பாத்திரத்தைச் சுற்றி அந்த நெடி அடித்தாலோ, பக்கத்தில் போனாலே வெதுவெதுப்பு தெரிந்தாலோ, தொடாமல் எல்லோரும் விலகிவிட வேண்டும். 'வைக்காதே' என்ற விதி, யாரோ ஏற்கெனவே வைத்துவிட்டுப் போன காலையில் எதற்கும் உதவாது. நெடி தெரிந்தவர் அன்றைக்குப் பிழைப்பார்.

நாலு பேர் விதியும் இப்படித்தான். அது விபத்தைத் தடுக்கிற விதியே இல்லை. விபத்து நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, நடந்தால் நாலு பேரோடு நிற்கட்டும் என்று போட்ட விதி. அறைக்கும் அறைக்கும் நடுவே காலி இடம் விடச் சொல்வதும் அதற்குத்தான். ஒரு அறையின் தீ அடுத்த அறைக்குப் பாயக்கூடாது. சீசனில் அந்தக் காலி இடத்தில் பந்தல் போட்டோ மரத்தடியிலோ உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். காற்றோட்டமாக இருக்கிறது, அறைக்குள்ளும் கூட்டம் இல்லை, இதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு அறைகளுக்கு நடுவே தீ தாண்டுவதற்கு ஒரு பாலம் போட்டாகிவிட்டது. 'காலி இடமும் ஒரு சுவர்தான்' என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பந்தல் விழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்ல வேண்டியது அதைத்தான்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சிவகாசி வட்டாரத்தில் இதுவரை நடந்த மிகப் பெரிய விபத்துகளில் ஒன்று. 40 பேர் வரை இறந்தார்கள். அதில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, உதவி செய்யவும் என்ன ஏது என்று பார்க்கவும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். பிறகுதான் பெரிய வெடிப்பு. நெதர்லாந்தில் என்ஷெடே என்கிற ஊரில் 2000 மே 13 அன்று பட்டாசுக் கிடங்கு ஒன்று எரிந்தபோதும் இதே வரிசைதான்: முதலில் தீ, கொஞ்ச நேரம் கழித்து மொத்தக் கிடங்கும். இறந்த 23 பேரில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலைமை. நம் ஊரில் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தூக்குவதுதான் மனுசத்தன்மை என்று வளர்ந்திருக்கிறோம். பட்டாசு ஆலையில் சின்னத் தீ என்பது முன்னறிவிப்பு, அது தெரிந்தால் ஊரையே எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். இதை ஆலைக்குள் நடக்கிற வகுப்பில் மட்டும் சொல்லி என்ன பயன்? பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் சொல்ல வேண்டிய பாடம் இது.

பயிற்சி என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சேஃப்டி படிக்கிற எல்லோருக்கும் முதல் வாரமே ஓர் ஏணியை வரைந்து காட்டுவார்கள். ஆபத்தையே இல்லாமல் செய்வது மேல் படி. அதற்கடுத்து, ஆபத்தான பொருளுக்குப் பதில் வேறு பொருள். பிறகு சுவர், தூரம், இயந்திர ஏற்பாடு. அதற்கும் கீழேதான் விதியும் பயிற்சியும். கடைசிப் படியில் கையுறை, கண்ணாடி. மேல் படியில் செய்த காரியத்துக்கு யாருடைய ஞாபகசக்தியும் தேவையில்லை. உதாரணம் இதே தொழிலில் இருக்கிறது. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை ரொம்ப முரட்டுத்தனமானது, லேசான தட்டலுக்கே கிளம்பிவிடும். அந்தக் கலவைக்கு 1992-ல் இந்திய அரசு தடை போட்டது. இங்கிலாந்தில் 1894-லேயே தடை வந்துவிட்டது. நடுவில் 98 வருஷம். அந்த 98 வருஷத்தில் எத்தனை கிளாஸ் எடுத்திருந்தாலும் அந்த ஒற்றை உத்தரவுக்கு ஈடாகாது.

ஆனால் பொருள் மாறும்போது பயிற்சியும் கூடவே மாறவேண்டும், அது இன்னொரு பக்கம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. காரணம் காற்று மாசு. அதையொட்டி நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசு முறைகளைக் கொடுத்தது. ஒரு ரகத்தில் அலுமினியத்தைக் குறைத்து மெக்னீசியம் வருகிறது. ஈரத்தின் முன்னால் மெக்னீசியம் அலுமினியத்தைவிடவும் பொறுமை இல்லாதது. இருபது வருஷம் அலுமினிய மருந்தைத் தடவிப் பழகிய கைக்கு இருக்கிற உள்ளுணர்வு புது மருந்திடம் செல்லாது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஊரின் தொழிலே அப்படித்தான் தொடங்கியது. பார்த்துக் கற்பது பெரிய விஷயம்தான், ஆனால் யாரும் இன்னும் செய்து பழகாத ஒன்றை யாரைப் பார்த்துக் கற்பது?

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடியபோது ஒன்று ஆச்சரியமாக இருந்தது. 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது 111ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதன்படி பயிற்சி என்பது முதலாளி பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை, தொழிலாளியின் உரிமை. தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டு வாங்கலாம். ஆலையிலேயோ அங்கீகாரம் பெற்ற மையத்திலேயோ பயிற்சி கேட்கலாம். பாதுகாப்பு சரியில்லை என்றால் இன்ஸ்பெக்டரிடம் நேரடியாகச் சொல்லலாம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தகவல் கேட்கிற உரிமை அதிலும் இருக்கிறது.

ஆனால் கேட்பது யாரிடம்? 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது உள்குத்தகை என்ற சொல் எல்லாப் பேப்பரிலும் வந்தது. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைத் தனித்தனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். அறையை எடுத்தவர் அவரவர் ஆளைக் கொண்டுவந்து, அவரவர் மருந்தைக் கலந்து, எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பார். வகுப்புக்குப் போய் சர்டிஃபிகேட் வாங்கிய போர்மேன் லைசென்ஸ்காரரின் ஆள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு அவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். விருதுநகர் மாவட்டத்தோடு நிற்கிற விவகாரமும் இல்லை இது. 2022 நவம்பரில் 5 பேர் இறந்த அழகுசிறை மதுரை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

எண்ணிக்கைக் கூலியில் இன்னொரு கணக்கும் உண்டு. வகுப்புக்குப் போகிற நாளில் எண்ணிக்கை இல்லை, எண்ணிக்கை இல்லாவிட்டால் கூலி இல்லை. கலந்த மருந்தை மிச்சம் வைக்காமல் அழித்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதும் முக்கியம். உள்குத்தகைக்காரர் கடன் வாங்கி மருந்து வாங்கியிருக்கிறார். சாயங்காலம் மிச்சமாகிற இரண்டு கிலோ அவருக்குப் பணம். வேதியியல் முழுசாகத் தெரிந்தவராக இருந்தாலும் அன்றைக்கு மூடி வைத்துவிட்டுப் போகத்தான் தோன்றும். பயிற்சி நாளுக்கும் கூலி, அழித்த மருந்துக்கு யாரும் கேள்வி கேட்காத ஏற்பாடு, இந்த இரண்டும் இருக்கிற ஆலையில் விதி நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஆலைகளும் அங்கே உண்டு, பேசுகிறவர்கள் அவற்றைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

அமோனியா விஷயத்தை அண்ணனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த நெடி நான் ஒருக்கா பாத்துருக்கேன் தம்பி. மழக்காலம். எலி கிலி இருந்துருக்கும்னு நெனச்சேன்" என்றார்.