கிறிஸ்தவர் வாழ்வில் இசையின் நோக்கம்: தமிழ்க் கீர்த்தனைகள் வழி ஒரு விளக்கம்

‘சமயமும் இசையும்’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், நம்மில் பலர் தேவாரம், திவ்வியப் பிரபந்தம் என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுவோம். தமிழில் கிறிஸ்தவ இசைக்கும் ஏறத்தாழ 300 ஆண்டு வரலாறு உண்டு. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கேள்வி. கடவுளிடம் சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால் போதாதா? எதற்குப் பாட்டு?

1. வேதாகமம் காட்டும் நோக்கங்கள்

முதல் நோக்கம் துதி. வேதாகமத்தில் 150 சங்கீதங்கள் உள்ளன. கடைசிச் சங்கீதம் எக்காளம், சுரமண்டலம், தாளம் என்று கருவிகளை அடுக்கி, எல்லாவற்றாலும் இறைவனைப் போற்றச் சொல்கிறது.

இரண்டாவது போதனை. கொலோசெயர் 3:16-இல், பாடல்களால் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்ளுமாறு பவுல் எழுதுகிறார். அதாவது, பாடுகிறவர் கடவுளை நோக்கி மட்டும் பாடுவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்தே பாடுகிறார்.

மூன்றாவது ஆறுதல். இதில்தான் பலர் தவறாக எண்ணுகிறார்கள். பக்திப் பாட்டு என்றாலே மகிழ்ச்சிப் பாட்டு என்று நினைக்கிறோம். ஆனால் சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். பவுலும் சீலாவும் சிறையில், நடு இராத்திரியில், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில் பாடினார்கள் (அப்போஸ்தலர் 16). சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசுவும் சீடர்களும் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் போனார்கள் (மத்தேயு 26:30). மனசு லேசாக இருக்கும்போதுதான் பாட வேண்டும் என்பதில்லை. மனசுல பாரம் இருந்தால் அந்தப் பாரத்தையே பாடலாம்.

2. ஓர் எச்சரிக்கை

எல்லாப் பாட்டும் ஏற்கப்படும் என்று வேதாகமம் சொல்லவில்லை. நீதி இல்லாத இடத்தில் பாடும் பாட்டு கடவுளுக்கு வெறும் இரைச்சல் என்கிறார் ஆமோஸ் தீர்க்கதரிசி (5:23).

இன்னோர் ஆபத்தை வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகஸ்டின், சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் தம் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதினார். பாடலின் பொருளைவிடக் குரலின் இனிமையே தம்மை இழுக்கும் நேரங்களைத் தம் குற்றமாகவே அவர் கருதினார். ஆனாலும், ஆலயத்தில் பாடுவது வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார். பலவீனமான மனத்தையும் இசை பக்திக்கு உயர்த்தும் என்பது அவர் சொன்ன காரணம். ஆக, இசை ஒரு வண்டி. அது சுமந்து செல்வது சொல்லின் பொருளை.

3. மெட்டும் தமிழும் மோதிய இடம்

பொருள் போய்ச் சேர வேண்டுமானால் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், இல்லையா? இங்கேதான் தமிழில் ஒரு சிக்கல் வந்தது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அதே ஐரோப்பிய மெட்டில் பாட வைத்தார்கள். இவை ஞானப்பாட்டுகள் எனப்பட்டன.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். தமிழில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறும். ‘பாவத்தை விடு’ என்ற தொடரில் ‘வி’ என்னும் எழுத்து மெட்டின் நீண்ட சுரத்தில் விழுந்தால் என்ன ஆகும்? ‘பாவத்தை வீடு’ என்று காதில் விழும்! இசையில் எழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீளும் என்பதைத் தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் எங்கே நீட்டுவது என்பதைத் தமிழ் அறிந்த புலவர் பார்த்துக்கொள்வார். வேறு மொழிக்குப் பிறந்த மெட்டுக்கு அது தெரியாது.

4. வேதநாயக சாஸ்திரியார்

இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தியாகராஜர் (1767–1847) திருவையாற்றில் வாழ்ந்த அதே காலம், அதே காவிரிக் கரை. சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பைக் கையில் எடுத்தார். குறவஞ்சி என்ற சிற்றிலக்கிய வகையில் ‘பெத்லகேம் குறவஞ்சி’யும் பாடினார்.

கீர்த்தனை அமைப்பால் என்ன பயன்? ஒவ்வொரு சரணம் முடிந்ததும் சபை பல்லவிக்குத் திரும்புகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் நாலு தடவையில் பல்லவி மனப்பாடம் ஆகிவிடும். எதுகையும் மோனையும் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரும். புத்தகம் இல்லாத வீட்டிலும் போதனை தங்கிவிடும். முன்பு சொன்ன ‘போதனை’ நோக்கம் தமிழில் நிறைவேறியது இப்படித்தான்.

அவர் காலத்தில் புதிதாக வந்த மிஷனரிகள் சிலர், ஆலய வழிபாட்டில் இத்தகைய பாடல்களை விரும்பவில்லை. சாஸ்திரியார் எதிர்த்து வாதாடினார். காலம் அவர் பக்கம் நின்றது. 1853-இல் வெப் என்ற அமெரிக்க மிஷனரி கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதே சாஸ்திரியார், ஆலயத்தில் சாதி வழக்கங்கள் தொடர வேண்டும் என்றும் வாதாடியவர். இதையும் மறைக்காமல் மாணவருக்குச் சொல்ல வேண்டும். ஒரே பல்லவியைப் பாடிய சபை பிரிந்து உட்கார்ந்திருந்தது. ஆமோஸின் எச்சரிக்கை எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

தேர்வுக் குறிப்பு: வேதநாயக சாஸ்திரியாரையும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் (1826–1889) குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் பின்னவர். அவரும் கிறிஸ்தவர், அவரும் கீர்த்தனை இயற்றியவர். அதனால்தான் குழப்பம்!

5. நம் வகுப்பறைக்கு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் இன்றும் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள்கூட அவற்றைக் காதால் கேட்டே பாடுகிறார்கள். வாய் பாடுகிறது, பொருள் தெரிகிறதா? கருத்தோடும் பாட வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:15 சொல்வதை நினைத்தால், சொற்பொருள் சொல்லித் தருவதும் அந்த வழிபாட்டுக்குச் செய்யும் தொண்டுதான். தமிழாசிரியரால் அதைச் செய்ய முடியும்.

சுருக்கம்: கிறிஸ்தவருக்கு இசை, துதிக்கவும் கற்பிக்கவும் துயரைச் சொல்லி ஆறவும் உதவுகிறது. சொல் புரிந்தால்தான் இம்மூன்றும் நடக்கும். பாட்டுக்கேற்ற வாழ்வும் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கிறிஸ்தவர் வாழ்வில் இசையின் மூன்று நோக்கங்களைச் சான்றுடன் விளக்குக.
2. அந்நிய மெட்டில் தமிழ்ச் சொல்லை அமைக்கும்போது ஏற்படும் இடர்ப்பாட்டை, உங்கள் சொந்த எடுத்துக்காட்டு ஒன்றால் காட்டுக.
3. “இனிய குரல் பக்திக்குத் துணையா, தடையா?” 180 சொற்களில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.