பெரிய பெட்டி ஒன்றா, சின்னப் பெட்டி நாலா?

தெப்பக்காடு யானைகள் முகாமில் வளர்ந்த ரகு என்ற குட்டியையும், அதைப் பிள்ளை போல வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் பற்றிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் ஊட்டிக்காரர். படம் ஓடுவது 40 நிமிடம் சொச்சம். எடுத்த காட்சிகளோ 450 மணி நேரம் என்று அப்போது செய்திகள் வந்தன. 4கே காட்சியை நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அந்தக் கணக்கில் 450 மணி நேரத்துக்கு 20 டெராபைட். திரையில் வந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் பத்து மணி நேரத்துக்கு மேல் காட்சி எங்கோ ஒரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்திருக்க வேண்டும்.

பக்கத்து ஊரான மசினகுடியில் இது சினிமாக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று ஊரில் பலருடைய அலமாரியிலும் ஹார்டு டிஸ்க்குகள் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாறு டிஸ்க் ஆனதும், எந்தப் படம் எதில் இருக்கிறது என்பதே மறந்துபோகும். அப்போதுதான் வீட்டுக்கு ஒரு சர்வர் வாங்கும் யோசனை வருகிறது. அதோடு ஒரு கேள்வியும் வருகிறது: பெரிதாக ஒன்று வாங்குவதா, சின்னதாக நாலைந்தா?

கருவி என்னவோ எளிமையானதுதான். பல ஹார்டு டிஸ்க்குகளைச் செருகிக்கொள்ளும் ஒரு கணினி. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. வீட்டு வைஃபை ரவுட்டரோடு ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் போனிலிருந்தும் அதைத் திறக்கலாம். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் இதைத் தயார்ப் பெட்டியாகவே விற்கின்றன. பழைய கணினியில் ட்ரூநாஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தாங்களே செய்துகொள்பவர்களும் உண்டு.

பெரிதா, சிறிதா என்ற வழக்கு பழையது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைக் கோத்தால் வேகமும் கூடும், காசும் மிச்சமாகும் என்பது அவர்கள் வாதம். ரெய்டு என்று இன்று சொல்லும் முறை அப்படித்தான் வந்தது. டிஸ்க்குகள் பெருகினால் அவற்றில் ஏதோ ஒன்று கெடும் வாய்ப்பும் பெருகுமே என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது. முதல் டிஸ்க்கில் 4, இரண்டாவதில் 7, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 11 என்று எழுதி வைத்தால், எந்த ஒன்று போனாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே நடக்கும் கணக்கு வேறு, தத்துவம் இதுதான்.

இப்போது கடைக்கு வருவோம். கையில் 8 டெராபைட் டிஸ்க் எட்டு இருக்கிறது. எட்டையும் ஒரே பெரிய பெட்டியில் போட்டு, இரண்டு டிஸ்க் அளவு இடத்தை மீட்புக் கணக்குக்கு ஒதுக்கினால் 48 டெராபைட் பயன்படும். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தகவல் பிழைக்கும். அதே எட்டை நாலு சின்னப் பெட்டிகளில் இரண்டிரண்டாகப் போட்டு, ஒன்றுக்கு மற்றொன்று நகலாக வைத்தால் கிடைப்பது 32 டெராபைட்தான். மின்செலவிலும் பெரியதே மேல். டிஸ்க் ஒன்றுக்கு 6 வாட், பெரிய பெட்டியின் மற்ற பாகங்களுக்கு 25, சின்னதுக்கு 12 என்று வைத்தால், இரண்டு மாத மின்கட்டணத்தில் பெரியது 105 யூனிட் இழுக்கும், நாலும் சேர்ந்து 138. வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இரண்டுமே தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

சின்னப் பெட்டிகளில் வேறொரு தலைவலியும் உண்டு. ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று பாதி காலியாகக் கிடக்கும். மென்பொருளைப் புதுப்பிப்பது, கடவுச்சொல், பழுது பார்ப்பது எல்லாம் நாலு மடங்கு. பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டலாம் என்று உட்கார்ந்தால் கேமராக்காரருக்கு ஓர் ஆபத்து காத்திருக்கும். பல கேமராக்கள் ஒவ்வொரு புது மெமரி கார்டுக்கும் 0001 என்றே எண்ணைத் தொடங்கும். ஓடைக்கரையில் எடுத்த சிறுத்தைக்கும், வீட்டு வாசலில் எடுத்த பேரன் படத்துக்கும் ஒரே பெயர். அவசரத்தில் ‘ஆமாம், மாற்று’ என்று அழுத்தினால் சிறுத்தை காலி.

ஆக, பெரியதே வென்றதா? இடமும் காசும்தான் கேள்வி என்றால், ஆமாம். ஆனால் கேள்வி அது இல்லை.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி டிரைவ்’ என்ற சேமிப்பகம் அதில் அழிந்தது. போனது 858 டெராபைட். நகல் வெளியே எங்கும் இல்லை. அவ்வளவு பெரியதற்கு நகல் எடுப்பது சிரமம் என்பதே சொல்லப்பட்ட காரணம். பெரிய பெட்டியின் உண்மையான வியாதி இதுதான்: பெரிதாக ஆக, அதற்கு இணையாக இன்னொன்று வாங்க யாருக்கும் மனம் வராது.

இதற்கு நேர் எதிரான கதை 1998இல் பிக்ஸாரில் நடந்தது. ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரே கட்டளையில் சர்வரிலிருந்த படக் கோப்புகள் கண்முன்னே அழிந்தன. நகல் எடுக்கும் ஏற்பாடு சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது, குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரின் கணினி. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து எடுத்து வந்தார்கள். ரெய்டு எத்தனை அடுக்கு இருந்தாலும் அழிக்கச் சொன்னால் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும். டிஸ்க் கெட்டால்தான் அது காப்பாற்றும், கை தவறினால் காப்பாற்றாது.

தமிழர்களுக்கு இதை டிஸ்க்கை வைத்து விளக்க வேண்டியதே இல்லை. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்க்கும் வேலையில் இறங்கியது. மின்வடிவத்தின் பெரிய வசதி, அதே நூலை இன்னொரு ஊரிலும் வைத்திருக்க முடியும் என்பதே.

மசினகுடியைச் சுற்றியுள்ள காடு பற்றியும் இதே வழக்கு உண்டு என்பது சுவையான ஒற்றுமை. பெரிய காப்பகம் ஒன்று நல்லதா, சின்னக் காப்பகங்கள் பல நல்லதா என்று 1970களில் சூழலியலாளர்கள் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ஜாரெட் டயமண்ட் ஒரு பக்கம், டேனியல் சிம்பர்லாஃப் மறுபக்கம். யானையைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு எல்லாம் ஒட்டிக் கிடப்பதால்தான் யானைகளுக்குப் பிழைப்பு. துண்டாடினால் நடக்க வழியில்லை. யானைக்கு நகல் கிடையாது, கோப்புக்கு உண்டு. அதனால்தான் காட்டுக்குச் சொல்லும் தீர்ப்பைப் பெட்டிக்குச் சொல்ல முடிவதில்லை.

எதற்கு நகல் வேண்டும் என்பதும் அளவைப் பார்த்து முடிவு செய்யக்கூடியது அல்ல. 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்கள் வைத்தார்கள். கிடைத்தவை 3,48,58,623 படங்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 1988இல் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். எண்களும் எழுத்துகளும் மட்டுமே கொண்ட இத்தகைய பதிவுகள் ஒரு பென் டிரைவிலேயே அடங்கிவிடும். தொலைந்தால் 1988க்குத் திரும்பிப் போய் மரத்தை அளக்க முடியாது. காற்றில் ஆடிய புல்லைப் படம் பிடித்த லட்சம் கோப்புகள் போனால் யாரும் அழப்போவதில்லை.

இனி மசினகுடியின் நடைமுறை. சிங்காராவில் 1932 முதல் மின்சாரம் தயாராகிறது. மாயாறு மின்நிலையமும் பக்கம்தான். ஆனாலும் மழைக்காலத்தில் மரம் கம்பியில் சாய்ந்தால் ஊர் இருட்டுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு சிதையலாம் என்பதால், பெட்டியை ஒழுங்காக அணைக்கும் அளவுக்காவது யுபிஎஸ் வேண்டும். இடி விழும்போது மின்கம்பி வழியாக மட்டுமல்ல, இணையக் கேபிள் வழியாகவும் அதிர்ச்சி வரும். ஒரே அலமாரியில், ஒரே ரவுட்டரில் இணைத்த நாலு பெட்டிகளும் ஒன்றாகவே போய்ச்சேரலாம். திருடனுக்கும் தீக்கும் நாலு பெட்டி ஒரு பெட்டிதான்.

டிஸ்க் கெட்டால் மாற்று டிஸ்க்குக்கு ஊட்டியோ மைசூரோ போக வேண்டும், அல்லது கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். ஊட்டிக்குக் கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் பக்கம் பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடும். புது டிஸ்க் வந்த பிறகும் வேலை முடியாது. 20 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பவே 28 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் மற்ற டிஸ்க்குகள் ஓயாமல் ஓடும். அதே நாளில் வாங்கிய, அதே வயதான டிஸ்க்குகள். அதனால் உபரி டிஸ்க் ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது ஆடம்பரம் ஆகாது.

நாலு பெட்டி வேண்டாம், எட்டு டிஸ்க் பெரிய பெட்டியும் வேண்டாம். நாலு டிஸ்க் பிடிக்கும் பெட்டி ஒன்று மசினகுடி வீட்டில் போதும். இரண்டு டிஸ்க் பிடிக்கும் சின்னது ஒன்றை ஊட்டியிலோ கோவையிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைத்து, தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் அதில் சேர்க்கலாம். முதல் நகலை இணையம் வழியாக அனுப்ப முயல வேண்டாம். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் ஏற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். வீட்டிலேயே நகல் எடுத்து, பெட்டியைக் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பிறகு தினமும் சேரும் புதுப்படங்கள் மட்டும் இரவில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு படத்தை இறக்கித் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், உங்களிடம் நகல் இல்லை என்று வைத்துக்கொண்டு அன்றே வேலையைத் தொடங்குங்கள்.