முழங்கால் வலியும் நெம்புகோலும்

மாடிப்படி ஏறும்போது முழங்காலின் முன்புறம் வலிப்பதாகப் பதின்பருவத்தினர் பலர் கூறுவதுண்டு. படியேறுகையில் முழங்கால் சில்லு, தொடை எலும்பின் மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு விசையுடன் அழுந்துகிறது.

நெம்புகோலின் புயம் நீண்டால் குறைந்த விசையே போதும் அல்லவா? இத்தத்துவத்தைக் கொண்டு பெல்ஜிய அறுவை மருத்துவர் பால் மாக்கே, சில்லின் தசைநாண் பற்றியுள்ள கீழ்க்கால் எலும்பின் புடைப்பைச் சுமார் 2 செ.மீ. முன்தள்ளிப் பொருத்தும் முறையை 1976-இல் விளக்கினார். அழுத்தம் குறைந்தது, ஆனால் மேலுள்ள மெல்லிய தோல் இழுபட்டு அழுகியதும், எலும்பு முறிந்ததும் உண்டு.

வளரும் பிள்ளைகளுக்கோ அப்புடைப்பில் வளர்ச்சிக் குருத்தெலும்பு உள்ளது. அதை வெட்டினால் முழங்கால் பின்புறமாக வளைந்துவிடக்கூடும். ஆகவே, பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை கத்தியன்று. தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.