கொடைக்கானல் ஏரிக்கு அடியில என்ன இருக்கு?

கொடைக்கானல் போனா ஏரியில படகு விடுவோம், கரையில சோளம் வாங்கிச் சாப்பிடுவோம். இன்னைக்குப் பேசப்போறது அந்தத் தண்ணிக்கு அடியில இருக்கிற சேத்தைப் பத்தி.

1980களில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரியை எடுத்துவந்து கொடைக்கானலில் வச்சாங்க. பின்னாடி அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே வந்தது. போராட்டம் நடந்தது, ஃபேக்டரியை மூடினாங்க.

சரி, ஃபேக்டரியில இருந்த பாதரசம் ஏரிக்கு எப்படிப் போகும்? குழாயே வேண்டாம். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காத்துல போய் மழையோட இறங்கும்.

ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், கொடை ஏரித் தண்ணியில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. நானோகிராம்னா கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. "இவ்வளவுதானா?"ன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா அளவை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். எந்த வடிவத்தில் இருக்குங்கிறதுதான் முக்கியம்.

ஆக்சிஜன் இல்லாத சேத்துல, சல்ஃபேட்டை வச்சு வாழுற பாக்டீரியாக்கள் இருக்கு. அதுங்க பாதரசத்தை மெத்தில் மெர்குரியா மாத்திடும். இதுதான் ஆபத்தான ஆளு. உடம்பை விட்டு லேசுல போகாது, மூளையைத் தாக்கும், கர்ப்பத்தில் இருக்கிற குழந்தை வரைக்கும் போகும். ஜப்பானில் மினமாட்டாவில் நடந்தது இதனாலதான். கொடை ஏரிச் சேத்துல இருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் இந்த வடிவம். பேரிஜத்தில் 3–4, கூக்கலில் 2. மொத்தப் பாதரசமும் இதே வரிசையில்தான் குறையுது.

அப்புறம் பாசி, புழு, சின்ன மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கிட்டே போகும்.

தூர்வாரிட்டா போச்சேன்னு கேப்பீங்க. கிளறினா அடியில இருக்கிறது மறுபடி தண்ணியில கலக்கும். அப்படியே விட்டா பாக்டீரியா தன் வேலையைப் பார்க்கும். ரெண்டுமே சிக்கல்.

2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி ஒப்பந்தம் போட்டது, 15 வருஷம் கழிச்சு. வேலையால உடல்நலக் கேடு வரலைங்கிறதுதான் கம்பெனி சொல்லிவந்தது.

கடைசியா ஒண்ணு. மீனை நல்லா கழுவி, தோலை உரிச்சு, கொதிக்க வச்சா சரியாயிடுமான்னா, ஆகாது. மெத்தில் மெர்குரி மீனோட சதைப் புரதத்திலேயே ஒட்டியிருக்கும்.