இசைய வைத்த பென்னி கார்ட்டர்

நம் கச்சேரியில் இராகம் ஒரே இழையாக ஓடும். பாடகர் செல்லும் வழியிலேயே வயலினும் செல்லும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையிலோ ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒருங்கே ஒலித்துப் பாருங்கள். அவற்றின் அதிர்வெண்கள் 4:5:6 என்ற விகிதத்தில் நிற்பதால் செவிக்கு இனிக்கும். எந்தக் கருவிக்கு எந்த ஸ்வரம் என்று தாளில் எழுதி வகுத்துத் தருபவரை 'அரேஞ்சர்' என்பர். அக்கலையில் தலைசிறந்தோருள் ஒருவர் பென்னி கார்ட்டர்.

அவர் 1907இல் நியூயார்க்கில் பிறந்தார். இளமையில் டிரம்பெட் ஒன்றை வாங்கினார். அது உடனே வசப்படவில்லை. கொடுத்துவிட்டுச் சாக்ஸபோன் வாங்கிக்கொண்டார். பின்னாளில் இரண்டிலுமே வல்லவரானார். இசை வகுக்கும் கலையைப் பெரும்பாலும் தாமே கற்றார். அச்சான இசைத் தாள்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு கருவியின் பகுதியையும் ஒப்பிட்டுப் பயின்றார்.

நான்கு சாக்ஸபோன்களை ஒன்றாக இசைக்கச் செய்வதே அவருடைய தனித்திறன். மேற்குரல் மெட்டை ஏந்திச் செல்லும். மற்ற மூன்றும் வேறு ஸ்வரங்களில், அதே நடையில், அதனைத் தொடரும். நான்கு குரல் படைத்த ஒருவர் மனோதர்மமாகப் பாடுவது போலத் தோன்றும். 1961இல் பதிவான 'ஃபர்தர் டெஃபினிஷன்ஸ்' இசைத்தட்டு இதற்குச் சான்று.

தாளில் இசைந்த குரல்கள் ஊரில் எளிதில் இசையவில்லை. 1940களில் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார். அங்கே வெள்ளைக் கலைஞருக்கு ஒரு சங்கம், கறுப்பினக் கலைஞருக்கு வேறு சங்கம். திரைப்பட நிலையங்களின் வேலை பெரும்பாலும் வெள்ளையர் சங்கத்துக்கே சென்றது. 1937இலேயே ஹாலந்தில் பல நாட்டினரும் பல நிறத்தவரும் சேர்ந்த குழுவை நடத்தியவர் கார்ட்டர். பட்டி காலெட் முதலிய தோழர்களுடன் இப்பிரிவினையை எதிர்த்து உழைத்தார். 1953இல் இரு சங்கங்களும் ஒன்றாயின.

1974இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. 2003இல், 95ஆம் வயதில் மறைந்தார்.

பல மொழியினர் கூடி வாழும் விடுதிகளில் இருக்கிறோம் நாம். ஒன்றுபட எல்லோரும் ஒரே ஸ்வரம் பாட வேண்டியதில்லை. தம் ஸ்வரத்தை விடாமல் அடுத்தவர் ஸ்வரத்தையும் கேட்டால் போதும். அந்த இசைத்தட்டைக் கேட்க வாய்க்கும்போது, மேற்குரலை விட்டு, அடியில் ஒலிக்கும் ஒரு சாக்ஸபோனை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.